இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு மீண்டும் காரோட்டத் தொடங்குவது எப்போது?

உங்களுக்கு வயது 58; வலது இடுப்பு மூட்டை முழுமையாக மாற்றி நான்கு வாரங்கள் ஆகின்றன; பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவை சிகிச்சை; வீட்டுக்குள் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறீர்கள்; உங்கள் கார் ஆட்டோமேட்டிக் கியர் கொண்டது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் “ஆறு வாரம் போகட்டும், பார்க்கலாம்” என்றிருக்கிறார். இதே சிகிச்சை செய்துகொண்ட நண்பரோ மூன்றாம் வாரமே ஓட்டத் தொடங்கிவிட்டதாகச் சொல்கிறார். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நாள்கணக்கைப் பற்றியதுபோல் தோன்றினாலும், ஓட்டும் தகுதி வந்துவிட்டதா என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்பதே உங்கள் உண்மையான ஐயம் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் இயன்முறை சிகிச்சையாளன். மூட்டு மாற்றியவர்களைக் கட்டிலிலிருந்து எழுப்பி நடக்க வைப்பதிலிருந்து அவர்கள் பழைய வேலைக்குத் திரும்புவது வரை கூடவே இருப்பது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் தொழில். அறுவை சிகிச்சை நிபுணர் அல்லன். உங்கள் எக்ஸ்ரேயையும் பார்த்ததில்லை. அந்த வரம்புக்குள் நின்று சொல்கிறேன்.

நேரடியான விடை: இன்று ஓட்ட வேண்டாம். உங்கள் மருத்துவர் சொன்னதும் சரி, உங்கள் நண்பர் செய்ததும் தவறாக இல்லாமல் இருக்கலாம். நண்பருக்கு மாற்றியது எந்தப் பக்க இடுப்பு என்று முதலில் கேளுங்கள். இடது இடுப்பை மாற்றிக்கொண்டு ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுபவருக்கு அறுவை செய்த கால் ஓட்டும்போது சும்மாதான் இருக்கும். ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்வது வலது கால். அவர் இரண்டு மூன்று வாரங்களில் ஓட்டத் தொடங்கியிருந்தால் அதில் வியப்பில்லை. உங்களுக்கோ அறுவை நடந்ததே பிரேக் மிதிக்கும் காலில். கிளட்ச் உள்ள கார் என்றால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். அங்கே இரண்டு கால்களும் வேலை செய்தாக வேண்டும், அதனால் இடது இடுப்பை மாற்றியவரும் உங்களைப் போலவே காத்திருக்க வேண்டியவர்தான்.

நன்றாக நடக்கிறேனே, பிறகு ஏன் ஓட்டக்கூடாது என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. நடப்பது வேறு, பிரேக் மிதிப்பது வேறு. நடையில் அடுத்த அடி எப்போது விழும் என்பது உடலுக்கு முன்கூட்டியே தெரியும். வலித்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். திடீர் பிரேக்கில் அந்தச் சலுகை எதுவும் கிடையாது. உட்கார்ந்த நிலையில், ஏற்கெனவே மடங்கியிருக்கும் இடுப்பை இன்னும் சற்று மடக்கிப் பாதத்தை ஆக்சிலரேட்டரிலிருந்து தூக்க வேண்டும். தொடையைச் சற்று உட்பக்கம் நகர்த்திப் பிரேக்கின் மேல் கொண்டுவர வேண்டும். பிறகு தொடையின் முன்தசையும் பிட்டத் தசையும் கெண்டைக்காலும் சேர்ந்து முழு வலுவோடு அழுத்த வேண்டும். கார் நிற்கும் வரை அந்த அழுத்தத்தை விடாமல் பிடித்திருக்கவும் வேண்டும். இவ்வளவும் ஒரு விநாடிக்குள் தொடங்கியாக வேண்டும். பின்பக்க முறையில் பிட்டப் பெருந்தசையின் இழைகளைப் பிரித்துத்தான் உள்ளே போகிறார்கள். தொடையை வெளிப்புறம் திருப்பும் சிறு தசைகளை எலும்பிலிருந்து விடுவித்து, மூட்டை மாற்றியபின் மீண்டும் தைத்து வைக்கிறார்கள். நான்காம் வாரத்தில் அந்தத் தையல் முழு வலுப் பெற்றிருக்காது. வெளித்தோல் ஆறிவிட்டதை வைத்து உள்ளே இருப்பதை எடைபோடக்கூடாது.

தாமதம் என்பது சாலையில் எவ்வளவு தூரமாக மாறுகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த எச்சரிக்கையின் பொருள் விளங்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. கால் பிரேக்குக்குப் போய்ச் சேர விநாடியில் பத்தில் மூன்று பங்கு கூடுதலாக ஆனாலே 5 மீட்டர், அதாவது ஒரு சாதாரண காரின் நீளத்துக்கும் மேல், கார் பிரேக் பிடிக்காமலேயே ஓடியிருக்கும். அந்தத் தாமதத்தை ஓட்டுபவர் உணரவே மாட்டார். “நான் உடனே மிதித்தேன்” என்றுதான் அவருக்குத் தோன்றும். வலி வருமோ என்ற அச்சமே காலை ஒரு கணம் தயங்க வைத்துவிடும் என்பதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் தாங்கள் தயங்கியதாக ஒப்புக்கொண்டதில்லை, ஏனென்றால் அந்தத் தயக்கம் அவர்களுக்கே தெரியவில்லை.

இனி, “ஆறு வாரம்” என்ற எண்ணைப் பற்றி. அது ஏதோ ஒரு மருத்துவர் வாய்க்கு வந்தபடி சொன்னதன்று. அதே சமயம் இயற்கை விதியும் அன்று. ஓட்டும் பாவனைக் கருவியில் மூட்டு மாற்றியவர்களை உட்கார வைத்து, விளக்கு எரிந்ததும் எவ்வளவு விரைவில் பிரேக் மிதிக்கிறார்கள் என்று அளந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. 1980களில் செய்தவை வலது இடுப்புக்கு எட்டு வாரம் வரை காத்திருக்கச் சொல்லின. பிறகு வந்தவை அதை நான்கு முதல் ஆறு வாரமாக்கின. தசையைக் குறைவாகச் சேதப்படுத்தும் முறைகளும் மேம்பட்ட வலி நிவாரணமும் வந்தபின் செய்த அண்மைக்கால ஆய்வுகள் பலவற்றில், இரண்டு முதல் நான்கு வாரங்களிலேயே பலரின் வேகம் அறுவைக்கு முன்பிருந்த அளவைத் தொட்டிருக்கிறது. இந்தக் குறைந்த எண்ணைப் பார்த்து மகிழ்வதற்கு முன் இரண்டைக் கவனியுங்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறு எண்ணிக்கையிலான, ஓரளவு நல்ல உடல்நிலையில் இருந்தவர்களை வைத்துச் செய்தவை. இரண்டாவது, “அறுவைக்கு முன்பிருந்த அளவு” என்பது நல்ல அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை. மூட்டுத் தேய்ந்து வலியோடு இருந்த காலத்திலேயே பலரின் கால் மெதுவாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. பழைய நிலைக்குத் திரும்பிவிட்டார் என்றால் பாதுகாப்பான நிலைக்கு வந்துவிட்டார் என்று பொருள் இல்லை. நல்ல செய்தியும் இதிலேயே இருக்கிறது: சில மாதங்கள் போனபின் பலரின் கால், அறுவைக்கு முன்பிருந்ததைவிட விரைவாக வேலை செய்யத் தொடங்குகிறது.

ஐயத்துக்கு இடமில்லாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். டிரமடால், மார்ஃபின், கோடீன், ஆக்ஸிகோடோன் போன்ற ஓபியாய்டு வகை வலி மாத்திரைகளை உட்கொள்ளும் வரை, எத்தனை வாரம் ஆகியிருந்தாலும், ஓட்டக்கூடாது. நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின், காபாபென்டின் ஆகியவையும் மயக்கத்தையும் மந்தத்தையும் தரக்கூடியவை. இவற்றை மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தவும் கூடாது, எனவே ஓட்டுவதற்காக மாத்திரையை விட்டுவிடுவது என்ற யோசனையே வேண்டாம். இரவில் புரண்டு படுக்க முடியாமல் தூக்கம் கெட்டிருப்பவர், அறுவையில் போன ரத்தம் இன்னும் ஈடாகாமல் சோர்ந்திருப்பவர் ஆகியோர் கால் சரியாக இருந்தாலும் கவனம் சரியாக இல்லாதவர்களே. வீட்டுக்குள் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறீர்கள் என்கிறீர்கள்; வெளியே இன்னும் ஊன்றித்தான் நடக்கிறீர்கள் என்று இதிலிருந்து புரிந்துகொள்கிறேன். வெளியில் ஊன்றுகோல் தேவைப்படும் காலை நம்பிப் பிரேக்கை ஒப்படைக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

பிரேக்கைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இருக்கையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பின்பக்க முறையில் அறுவை செய்தவர்களுக்கு முதல் ஆறு வாரம், சில மருத்துவர்களின் கணக்கில் பன்னிரண்டு வாரம், மூன்று அசைவுகள் விலக்கு: இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்குவது, அறுவை செய்த காலை மறுகாலைத் தாண்டிக் குறுக்கே கொண்டுபோவது, தொடையை உட்புறமாகத் திருப்புவது. இவை மூன்றும் சேர்ந்தால், தொடை எலும்பின் தலைக்குப் பதிலாக வைத்த செயற்கைப் பந்து தன் கிண்ணத்தை விட்டுப் பின்புறமாக நழுவ வாய்ப்பு உண்டு. அப்படி நழுவுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் நடக்கிறது; அதற்குள் மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகி அரணாகிவிடுகிறது. 1962இல் ஆங்கிலேய அறுவை சிகிச்சை நிபுணர் ஜான் சார்ன்லி நிலைநாட்டிய செயற்கை மூட்டில் பந்தின் விட்டம் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர்தான். இன்று 32, 36 மில்லிமீட்டர் பந்துகள் வழக்கமாகிவிட்டன. பந்து பெரிதானால் அது கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டக் கூடுதலாக நகர வேண்டும், ஆகவே நழுவும் வாய்ப்பு குறைகிறது. முன்பக்கமாகத் திறந்து செய்யும் முறையில் விலக்கப்படும் அசைவுகளே வேறு; காலைப் பின்னால் நீட்டி வெளிப்புறம் திருப்புவதைத்தான் அங்கே தவிர்க்கச் சொல்கிறார்கள். இந்தக் காரணங்களால் சில மருத்துவர்கள் இப்போது கட்டுப்பாடுகளைத் தளர்த்திவிட்டார்கள், சிலர் கட்டுப்பாடே விதிப்பதில்லை. அவர்கள் சரியா, கடுமையாக விதிப்பவர்கள் சரியா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. உங்கள் மூட்டுக்குள் எந்தப் பந்து இருக்கிறது, தையல் எவ்வளவு உறுதியாக அமைந்தது என்பதை அறிந்தவர் உங்கள் மருத்துவர் ஒருவரே; அவர் விதித்ததைத் தளர்த்தும் உரிமை எனக்கோ உங்கள் நண்பருக்கோ இல்லை.

காரில் ஏறி இறங்குவதைத்தான் நான் ஓட்டுவதைவிட ஆபத்தான வேலையாகக் கருதுகிறேன். தாழ்வான இருக்கையில் சரிந்து விழுவதுபோல் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே போய்விடும்; அதுவே செங்கோணத்தைத் தாண்டிய மடக்கு. இடுப்பு எப்போதும் முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும். அதற்கு அழுத்தினால் அமுங்காத கெட்டியான திண்டு ஒன்றைப் போட்டு, இருக்கையின் முதுகைச் சற்றே சாய்த்துவைக்கலாம். ஏறும்போது இருக்கையை முடிந்த மட்டும் பின்னால் தள்ளிவிட்டு, காருக்கு முதுகு காட்டி நின்று, இருக்கையின் விளிம்பு இரு கால்களின் பின்புறத்தையும் தொடும் வரை பின்னால் நகருங்கள். அறுவை செய்த காலைச் சற்று முன்னால் நீட்டிக்கொண்டு, கையூன்றி மெதுவாக உட்காருங்கள். பிறகு உடம்பும் இரு கால்களும் ஒரே கட்டையாகத் திரும்ப வேண்டும். கால் முன்னே போய் உடம்பு பின்தங்கினால் தொடை உடலுக்குக் குறுக்கே போகிறது. வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள காரில் ஏறும்போது அப்படிக் குறுக்கே போகக்கூடியது வலது தொடை, இறங்கும்போது இடது தொடை. இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள காரில் இது தலைகீழாகும். இருக்கையின் மேல் வழவழப்பான பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்தால் திரும்புவது எளிதாகும். ஆனால் வண்டி கிளம்புமுன் அதை உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் மிதிக்கும்போது உடல் வழுக்கும். காலடியில் விழுந்த கைபேசியையோ சாவியையோ உட்கார்ந்தபடியே குனிந்து எடுக்கக்கூடாது. மடக்கும் திருப்பும் ஒன்றாகச் சேரும் அந்த ஒரு கணத்தில் மூட்டு நழுவியவர்களை நான் அறிவேன்.

ஆறு வாரம் நிறைந்து, மருத்துவரும் பார்த்துச் சம்மதித்தபின், நேரே சாலையில் இறங்கிவிடாதீர்கள். நான் எல்லோரையும் முதலில் வீட்டு நாற்காலியில் உட்கார வைத்து, தரையில் இரண்டு அடையாளங்களை ஒட்டி, குதிகால் தரையில் இழுபடாமல் பாதத்தைத் தூக்கி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றச் சொல்வேன். கையால் தொடையைத் தூக்கிவிட வேண்டியிருந்தால் அன்றைய சோதனை அதோடு முடிந்தது. அடுத்தது, எஞ்சினை அணைத்து நிறுத்திய காரில். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, நீங்கள் எதிர்பாராத நேரத்தில் “நிறுத்து” என்று சொல்ல, ஒவ்வொரு முறையும் ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலை மாற்றி முழு வலுவோடு மிதித்துச் சில விநாடிகள் பிடித்திருங்கள். எஞ்சின் ஓடாதபோது பெரும்பாலான கார்களில் இரண்டு மூன்று மிதிக்குப்பின் பிரேக் கல்போல் இறுகிவிடும். அது பழுதன்று, உதவி விசை தீர்ந்துவிட்டது என்று பொருள். காலின் வலுவைச் சோதிக்க அந்த இறுக்கம் உண்மையில் நல்லதே. இருபது முறை செய்தபின், கடைசி ஐந்தும் முதல் ஐந்தைப் போலவே வேகமாக இருந்தனவா, அன்று இரவு வலியோ வீக்கமோ கூடியதா என்பதைக் கவனியுங்கள். முதல் மிதி யாருக்கும் நன்றாகத்தான் வரும். பதினெட்டாவது மிதியே உண்மையைச் சொல்லும். இது சீராக வந்தால், நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆளரவமற்ற பாதுகாப்பான திடலில் மெதுவான வேகத்தில் சில முறை அழுத்தமாக நிறுத்திப் பழகுங்கள். அதன் பிறகுதான் நெரிசலற்ற சாலை, பகல் வெளிச்சம், பத்து நிமிடம். இந்தச் சோதனைகள் உங்களைத் தடுப்பதற்கானவை. இவற்றில் தேறிவிட்டதை மருத்துவரின் அனுமதிக்குப் பதிலாக வைத்துக்கொள்ள முடியாது.

பாதத்தில் மரப்பு, கட்டைவிரலை மேல்நோக்கித் தூக்க முடியாமை, நடக்கையில் பாதத்தின் முன்பகுதி தரையில் உரசுவது ஆகியவற்றில் எது இருந்தாலும், ஆறு வாரச் சந்திப்பு வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இடுப்பு மூட்டை ஒட்டிச் செல்லும் பெருநரம்பு அறுவையின்போது இழுபட்டால் இப்படி நேரும். அரிதுதான், ஆனால் அது உள்ள கால், பிரேக் மிதி எங்கே இருக்கிறது என்பதையே சரியாக உணராது. இது தவிர, அறுவைக்குப்பின் கால் நீளம் சில மில்லிமீட்டர் மாறியதுபோல் பலருக்குத் தோன்றும், பாதம் வீங்கி வழக்கமான காலணி நுழையாமலும் இருக்கும். எனவே பழைய இருக்கை அமைப்பை அப்படியே வைத்துக்கொள்ளாமல் மிதிகள் எட்டும் தூரத்தைப் புதிதாகச் சரிசெய்துகொள்ளுங்கள். செருப்போடு ஓட்ட வேண்டாம்.

சட்டமும் காப்பீடும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் பொதுவாக ஒன்றே சொல்ல முடியும். மருத்துவர் ஓட்டக்கூடாது என்று சொல்லியிருந்த காலத்தில் விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகலாம். ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லும் நாளில் அதை மருத்துவக் குறிப்பேட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் ஒரு வார்த்தை கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், இதே ஐயத்தோடு இதைப் படிக்கும் வேறு சிலர் இருசக்கர வாகனம் வைத்திருப்பார்கள். காரோட்டலாம் என்ற அனுமதி அதற்குச் செல்லாது. காலைத் தூக்கி வண்டியைத் தாண்டிப் போடுவது, நிறுத்தும்போது வண்டியின் எடையை ஒரு காலில் தாங்குவது, சறுக்கினால் இடுப்பின் மேலேயே விழுவது என்று எல்லாமே புதிய மூட்டுக்கு எதிரானவை. தொடை எலும்புக்குள் செருகியிருக்கும் செயற்கைத் தண்டைச் சுற்றி அந்த எலும்பு முறிந்தால் அதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடக் கடினம். அறுவை முடிந்து மூன்று மாதங்கள் ஆகும் வரை அதைப் பற்றிய பேச்சையே நான் எடுக்க விடுவதில்லை.

நான்கு வாரத்தில் நீங்கள் செய்யக்கூடியது, முன்னிருக்கையில் பயணியாகப் போவது. அதிலும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிச் சில நிமிடங்கள் நடக்க வேண்டும். ஓடும் காரிலும் கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். காலின் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து இந்த வாரங்களில் இன்னும் தீர்ந்துவிடவில்லை, அதனால்தான் உறைவைத் தடுக்கும் மருந்தைப் பலருக்கு ஐந்து வாரம் வரை கொடுக்கிறார்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ஆறாம் வாரச் சந்திப்புக்குப் போகும்போது “ஓட்டலாமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். மடக்குக் கட்டுப்பாடு எனக்கு இன்னும் உண்டா, இந்தக் காலால் முழு வலுவோடு மிதிக்கத் தடை ஏதும் உண்டா, நான் இப்போது உட்கொள்ளும் மாத்திரைகளில் ஓட்டுவதற்கு ஒவ்வாதது எது என்று தனித்தனியே கேளுங்கள். உங்கள் இயன்முறை சிகிச்சையாளரிடம், நாற்காலிச் சோதனையை அவர் கண்ணெதிரே ஒருமுறை செய்து காட்டிவிட்டுப் போனால், மருத்துவரிடம் சொல்ல உங்கள் கையில் ஒரு விவரமும் இருக்கும்.